நல்ல குழாயில் ஓட்டை

என் மாப்பிள்ளையை நான் முதன்முதலில் அடித்தது சோற்றுக் கையால். சாம்பார் பிசைந்துகொண்டிருந்த கை. அடி விழுந்த சத்தம்கூட மறந்துவிட்டது; அவர் சட்டைக் காலரில் ஒட்டிக்கொண்ட பருப்பு மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு என் மனைவியை வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்தேன். ரசம் ஆறிப்போயிருந்தது என்று நினைக்கிறேன், காரணம் அவ்வளவுதான் இருக்கும். மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "மாமா, அத்தைய அப்படிப் பேசாதீங்க" என்றார். தணிவாகத்தான் சொன்னார். மலேசியாவில், பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் முப்பது வருஷம் குழாய் முடுக்கிய கை இது. என்னைக் கேட்காமலே போனது.

மறுநாள் காலையில் மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழவில்லை.

"இன்னொரு தடவ இந்த வீட்ல யாரு மேலயாவது உங்க கை விழுந்துச்சுன்னா, நாங்க கெளம்பிருவோம்பா. போனா போனதுதான். என் பிள்ள இந்த வீட்டுக்குள்ள வளராது."

"எந்தப் பிள்ள?" என்றேன்.

"அதான் சொல்றேன்ல" என்று வயிற்றில் கை வைத்தாள்.

தாத்தா ஆகப்போகிற செய்தியை இந்த மாதிரிக் கேட்டவன் ஜோகூரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அப்போது எங்கள் ஹாலில் இரண்டு மீன் தொட்டிகள் இருந்தன. ஒன்று என்னுடையது. மற்றது மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு வந்து தங்கியபோது கொண்டுவந்தது. சொல்லிவைத்த மாதிரி இரண்டிலும் ஒரே சாதி மீன், லோஹான். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். உடம்பு சிவப்பு, பக்கவாட்டில் கறுப்புப் புள்ளிகள், நெற்றியில் யாரோ கட்டையால் அடித்து வீங்க வைத்தது போல ஒரு புடைப்பு. தொட்டிக்குள் வேறு உயிர் எதையும் வைத்திருக்காது. அடியில் பாசி தின்னட்டும் என்று நான் விட்ட ஒரு சப்பை மீனின் விலாவை ஒரே மத்தியானத்தில் பிய்த்து, முள் வெளியே தெரிகிற மாதிரி ஆக்கிவிட்டது. எனக்கு மீனை விற்ற சீனக் கடை முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, அன்றே சொன்னார்: "இது முன்னால முகம் பாக்குற கண்ணாடி வைக்காத. அதையே குத்திக் குத்திச் செத்துப் போகும்." மலாயில் சொன்னார், சொல்லும்போது தன் நெற்றியிலேயே முஷ்டியால் இரண்டு குத்து குத்திக் காட்டினார்.

ஒருநாள் தீனி போடப் போன என் மனைவியின் விரலைக் கவ்வி, நகத்தோரம் சதையைக் கிழித்தது. அவள் விரலை உறிஞ்சிக்கொண்டே, "இது மீனில்ல, உங்க பங்காளி" என்றாள்.

அந்த இரண்டு தொட்டிகளையும் ஒன்றாக்கச் சொன்னதும் அவள்தான். "ரெண்டு தொட்டி, ரெண்டு மோட்டாரு, தரையெல்லாம் வயரு. நாளைக்கு பிள்ள தவழ்ந்தா எங்க தவழும்? ஒண்ணா ஆக்குங்க. இல்ல, ரெண்டையும் நல்லா புளி ஊத்திக் கொழம்பு வச்சிருவேன்."

மகள் அதில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். "நீங்களும் அவரும் சேர்ந்து செய்ங்க. கை நீட்டாம ஒரு வேலைய சேர்ந்து முடிச்சுக் காட்டுங்க, பாப்போம்."

பரீட்சை வைக்கிறாள் என்று புரிந்தது. தோற்றால் என்ன ஆகும் என்றும் தெரியும். ஆனாலும் மனசுக்குள் ஒரு குஷி. குழாய் வேலையில் எனக்கே பரீட்சையா?

திட்டம் இதுதான். ஐந்தடி நீளத்தில் ஒரு புதுத் தொட்டி. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, இந்தப் பக்கம் என் மீன், அந்தப் பக்கம் அவர் மீன். தண்ணீர் இரண்டு பக்கமும் போய்வர, தடுப்பின் அடியில் வரிசையாகச் சின்னத் துளைகள். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இன்னொரு சிறிய தொட்டி, அதுதான் வடிகட்டி. மேலே வழியும் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கும். பஞ்சையும் பவளக்கல்லையும் தாண்டிச் சுத்தமாகும். பம்ப் அதை இன்னொரு குழாயில் மறுபடி மேலே ஏற்றும்.

காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் வரைந்தேன். வேலை இடத்தில் எப்படி வரைவோமோ அப்படியே, ஒவ்வொரு இணைப்புக்கும் எண் போட்டு, எங்கே முழங்கை வளைவு, எங்கே வால்வு என்று. மாப்பிள்ளை சிங்கப்பூரில் கட்டடங்களுக்குக் குளிர்சாதனம் பராமரிக்கிற வேலையில் இருக்கிறார். விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிப் போய், சாயங்காலம் முகமெல்லாம் புகை அப்பிக்கொண்டு திரும்புவார். வந்ததும் குளித்துவிட்டு என் தாளைப் பார்ப்பார். முதல் நாளே சிரித்தார்.

"மாமா, தண்ணி கொண்டு போற கொழாய எதுக்குத் தொட்டி அடி வரைக்கும் எறக்கி வச்சிருக்கீங்க?"

எனக்கு அது யோசித்துச் செய்ததே இல்லை. கை தானாக வரைந்தது. ரசாயனத் தொட்டிகளில் குழாயின் வாயை அடிவரை இறக்கித்தான் வைப்போம். மேலேயிருந்து கொட்டினால் தெறிக்கும், தெறித்தால் மின்பொறி கிளம்பும், பொறி கிளம்பினால் அந்தப் பக்கம் நிற்கிறவன் வீட்டுக்கு மூட்டையாகத்தான் போவான். அதைச் சொன்னேன்.

"மீன் தீப்பிடிக்காது மாமா."

மகள் சோபாவில் விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் குழாயை மாற்றவில்லை.

அடுத்த கேள்விதான் வினை. "கரண்டு போச்சுன்னா?" என்றார்.

கேட்டது நியாயமான கேள்வி. பெட்ரோல் டேங்கில் ரப்பர் குழாயை விட்டு வாயால் ஒரு இழு இழுத்தால் அப்புறம் தானாகவே இறங்கும், பார்த்திருப்பீர்கள். பம்ப் நின்றால் இங்கேயும் அதுதான் நடக்கும். மேலே ஏறிய தண்ணீர் அதே குழாயில் கீழே திரும்பும். திரும்பும்போது தொட்டித் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். குழாயின் வாய்க்குக் காற்று கிடைக்கும்வரை நிற்காது. என் குழாயின் வாயோ தொட்டியின் அடியில் இருந்தது.

"ஒண்ணுமில்ல மாமா. கொழாய்ல, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ, ஒரு சின்ன ஓட்ட. மூணு மில்லிமீட்டர் போதும். தண்ணி அதுக்குக் கீழ போனதும் காத்து உள்ள பூந்துரும், இழுக்குறது நின்னுரும். வீடியோல எல்லாரும் அதான் செய்றாங்க."

"ஓட்டையா?"

"சின்னதுதான்."

"நல்ல கொழாய்லயா? என்னைய ஓட்ட போடச் சொல்றீங்களா மாப்ள?"

அவருக்கு எப்படிப் புரியும். நாங்கள் குழாயை இணைத்து முடித்ததும் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றி வைப்போம். ஒரு இணைப்பு விடாமல் கையால் தடவிக்கொண்டே போவேன். ஒரு சொட்டு வேர்த்திருந்தால் போதும், அன்றைய வேலை முழுவதும் குப்பை. ஒரு தடவை ஊசி நுழைகிற அளவு கசிவு. கண்ணுக்கே தெரியாது, நீராவி. அந்த வழியாக நடந்துபோன ஒரு வங்காளதேசத்துப் பையனின் சட்டையைக் கழற்றியபோது தோள் சதையின் மேல்தோலும் கூடவே வந்தது. அவன் கத்தவில்லை. "பாங், பாங்" என்று, மலாயில் அண்ணனைக் கூப்பிடுவது போல, என்னைத்தான் கூப்பிட்டான், தண்ணீர் கேட்கிற மாதிரி. அதற்குப் பிறகு குழாயில் ஓட்டை என்று யாராவது விளையாட்டுக்குச் சொன்னாலும் என் தாடை இறுகும்.

"ஒருவழி வால்வு போடுறேன்" என்றேன். "மேல போகும், கீழ திரும்பாது. தீந்துச்சு."

"அதுல குட்டியா ஏதாச்சும் மாட்டுச்சுன்னா மூடாது மாமா."

"முப்பது வருஷமா நான் போட்ட வால்வு மாட்டல."

"பேக்டரில ஓடுறது வேற மாமா, இங்க மீன் பீ—"

என் வலது கை மேசைக்கு அடியில் மூடிக்கொண்டது. எனக்கே தெரியவில்லை. மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு மேசைக்கு அடியில் பார்த்தாள். மாப்பிள்ளை அவள் பார்ப்பதைப் பார்த்தார்.

"சரி மாமா" என்றார். "ஒங்க இஷ்டம். வால்வே போடுவோம்."

அவர் விட்டுக்கொடுத்ததை நான் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

வேலை தொடங்கியது. சனி, ஞாயிறுகளில் கார் போர்ச்சில் நானும் அவரும். தண்ணீர் வழிகிற குழாய்க்குத் தொட்டியின் பின் கண்ணாடியில் ஒரு துளை போடவேண்டும். வைரத்தூள் பதித்த வட்ட பிட், மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே துளைக்கவேண்டும். "அழுத்தாதீங்க மாமா, மிசினு அதுவா போகும்" என்றார். இரும்பைத் துளைத்துப் பழகினவன் அழுத்தாமல் எப்படி இருப்பான். முக்கால்வாசி இறங்கியதும் கண்ணாடி துப்பாக்கி வெடித்தது போலப் பிளந்தது. ஒரு கீற்று என் உள்ளங்கையில் கட்டை விரலுக்குக் கீழே புகுந்து, தோலைப் புத்தகம் திறக்கிற மாதிரி திறந்தது. ரத்தம் சிமெண்டுத் தரையில் கொட்டியது. அவர் தன் சட்டையைக் கழற்றி என் கையைச் சுற்றி, இரண்டு கையாலும் பிழிகிற மாதிரி அழுத்திப் பிடித்துக்கொண்டு மகள் ஓட்டிய காரில் கிளினிக் வரை உட்கார்ந்து வந்தார். ஐந்து தையல். என் கையை அவர் விடவே இல்லை. அந்த வழி முழுக்க நான் கண்ணாடிக்காரனைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

கண்ணாடியை மாற்றி, இரண்டாவது துளையை அவரையே போடச் சொன்னேன். ஒரு கீறல் இல்லாமல் போட்டார். பசை காய இரண்டு நாள். தண்ணீர் நிரப்பினோம். என் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன்; ஒன்றுகூட வேர்க்கவில்லை. வால்வைக் காட்டுவதற்காக நானே சுவிட்சை அணைத்தேன். 'டக்' என்று மூடியது. தண்ணீர் நகரவில்லை. "பாத்தீங்களா மாப்ள?" என்றேன். "சூப்பர் மாமா" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

மீன்களை விட்டோம். தடுப்பைக் கண்டதும் இரண்டும் வந்தன. செவுளை விரித்து, வாயைப் பிளந்து, கண்ணாடியை முட்டின. சோறு பொங்கும் சத்தத்திலும் அந்த முட்டல் ஹாலில் கேட்கும், டொக், டொக். உதடு கிழிந்து வெள்ளைச் சதை தொங்கும், நாலு நாளில் ஆறும், மறுபடி கிழியும். என் மனைவி அவற்றைப் பார்த்துவிட்டு, "மாமனும் மருமகனும் எதிரெதிர சாப்புட ஒக்காந்த மாதிரியே இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. சாயங்காலங்களில் நாங்கள் இருவரும் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த மீன் எதை மிஞ்சுகிறது என்று பந்தயம் பேசுவோம். மகள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அறைக்கு வர்ணம் அடிக்கலாமா என்று கேட்டாள், குழந்தைக்கு. எந்த வர்ணம் வேண்டுமானாலும் அடி என்றேன்.

பண்டார் தெங்காராவில் என் மனைவியின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். காலையிலேயே காரில் நால்வரும் கிளம்பிவிட்டோம். சாப்பிட்டுத் திரும்பும்போது மழை. சாதா மழை இல்லை. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் ரோடே தெரியவில்லை, இடி காரின் கூரையிலேயே விழுகிற மாதிரி. பாசிர் கூடாங் வந்தபோது மழை விட்டிருந்தது. எங்கள் தாமானில், குடியிருப்பில், சிலர் வாசலில் நின்று, மத்தியானம் பூராவும் கரண்டு இல்லை, இப்போதுதான் வந்தது என்றார்கள். அப்போதே எனக்கு வால்வு ஞாபகம் வந்தது.

போர்ச்சில் செருப்பைக் கழற்றினேன். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மழைத் தண்ணீர் இல்லை, மீன் வாடை.

கதவைத் திறந்தேன். ஹால் முழுக்கப் பாதம் நனைகிற தண்ணீர். பம்ப் காற்றை விழுங்கிக் கரகரவென்று அலறிக்கொண்டிருந்தது. மேல் தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்தான் மிச்சம்; மற்றதெல்லாம் வால்வு மூடாமல் கீழ்த் தொட்டிக்கு இறங்கி வழிந்திருந்தது. நடுவிலிருந்த தடுப்பு சாய்ந்து கிடந்தது. அதன் அடித் துளைகளை அழுக்கு அடைத்திருக்கவேண்டும். குழாய் என் பக்கத்துத் தண்ணீரை இழுத்துக் காலியாக்க, அந்தப் பக்கத்து நிறை தண்ணீரின் பாரம் தாங்காமல் தடுப்பு பெயர்ந்துவிட்டது. முதுகு வெளியே தெரிகிற அந்தக் கொஞ்சத் தண்ணீரில் இரண்டு லோஹான்களும் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்தன. வாயோடு வாய் கவ்வி, சுழற்றி, கண்ணாடியில் அறைந்தன. தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

நான் வெறுங்காலோடு உள்ளே பாய்ந்தேன். ஒரு கால்கூட இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை.

"மாமா! நில்லுங்க!"

பின்னாலிருந்து வந்த மாப்பிள்ளை என்னை முந்தி, திரும்பி, இரண்டு கையாலும் என் நெஞ்சில் ஒரு தள்ளுத் தள்ளினார். நான் போர்ச்சில் போய் விழுந்தேன். செருப்பு அலமாரி என் மேல் சரிந்தது. அவர் காலில் ரப்பர் அடி போட்ட சப்பாத்து இருந்தது, கழற்ற நேரமில்லை. வாசல் கதவுக்கு உள்பக்கம் உயரத்தில் இருக்கிற மெயின் சுவிட்ச் பெட்டியை எட்டித் திறந்தார். ஏனென்றால் பம்புக்குக் கரண்டு கொடுக்கிற எக்ஸ்டென்ஷன் பலகை அந்தத் தண்ணீரில்தான் கிடந்தது, அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அவர் பார்த்தார். நானும் விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன்.

பார்த்தேன் என்பதை எழுதியே தீரவேண்டும். அது தெரியாமல் அடித்தேன் என்று பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். அவர் ஏன் தள்ளினார் என்று புரிந்துகொள்ள ஒரு கண் சிமிட்டல் போதுமானதாக இருந்தது. அதற்குள் எனக்கு வேறொன்றும் புரிந்துவிட்டது: ஓட்டை. மூன்று மில்லி ஓட்டை. அவர் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு, அதற்கு ஹால் முழுக்கச் சாட்சி.

எழுந்து, படியில் நின்றபடியே அடித்தேன். முதல் அடி பிடரியில். அவர் திரும்பினார், ஒரு கை சுவிட்சிலும் ஒரு கை பெட்டி மூடியிலும், இரண்டும் தலைக்கு மேல். இரண்டாவது அடியை வாயில் கொடுத்தேன். பல் என் விரல் முட்டியில் பட்டது. மூன்றாவது காதோரம். "டேய்" என்றேன். இரண்டு வருஷத்தில் அவரை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவருடைய தலை சுவரில் மோதியது. அப்போதும் அவர் கையை இறக்கவில்லை. சுவிட்சைக் கீழே இழுத்தார். பம்ப் நின்றது.

பம்ப் நின்றதும் வீட்டில் ஒரே ஒரு சத்தம்தான் மிச்சம், மீன்கள் கண்ணாடியில் அடிபடுகிற சத்தம்.

மாப்பிள்ளை ரத்தத்தைத் தண்ணீரில் துப்பினார். "மெயின் அணைச்சிட்டேன்" என்றார். "இப்ப உள்ள போலாம்."

திரும்பிப் பார்த்தேன். மகள் கேட்டுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள், நிச்சயதார்த்தத்தில் கொடுத்த தாம்பூலப் பையோடு.

அவள் என்னைத் தாண்டிப் போனாள். புருஷனின் முகவாயைத் தூக்கிப் பார்த்தாள். கீழுதடு நடுவில் பிளந்திருந்தது. தன் புடவைத் தலைப்பை அதில் வைத்து அழுத்தினாள். அவர், "மீன மொதல்ல பிரிக்கணும்" என்றார். வலை எடுக்கப் போனார். அதற்குள் என் மீன் அவர் மீனை ஒரு மூலையில் சாய்த்து, செவுள் மூடியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. செவுள் கிழிந்து வந்தது. அவர் மீனுக்கு ஒரு கண் இல்லை. அவர் அதை இரண்டு கையிலும் அள்ளித் தூக்கியபோது இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. வாளியில் போடுமுன் நின்றுவிட்டது. என் மீன் இன்னும் காலி இடத்தை முட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே துணிகளை எடுத்து வைத்தார்கள். நான் அறை வாசலுக்குப் போனேன். என் மனைவி என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவள் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"போகட்டும். தடுக்காதீங்க. தடுத்தா நானும் பைய எடுத்துருவேன்."

"அவரு என்னைக் காப்பாத்தத்தான் தள்ளுனாரு. நான் மன்னிப்பு கேக்குறேன்."

"கேளுங்க. ஆனா கேட்டுட்டு வழிய விடுங்க."

கேட்டேன். மாப்பிள்ளை வீங்கிய வாயோடு, "பரவால்ல மாமா" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். மகள் பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"அடிச்சதுக்காக இல்லப்பா. அவரு ரெண்டு கையும் மேல இருந்துச்சு. அதப் பாத்துட்டுதான அடிச்சீங்க."

வழியை விட்டேன்.

மறுநாள் குழாயைக் கழற்றி வால்வைப் பிளந்தேன். மூடிக்கு அடியில் அரிசியில் பாதி அளவு ஒரு பவளத்துண்டு. வடிகட்டியில் நானே கொட்டியது. நான் கொட்டுமுன் கழுவவில்லை. வேலைக்குப் போனபோது, தொட்டிகளுக்குள் இறங்கி வேலை செய்கிற வெல்டர் அண்ணனிடம் இதைச் சொன்னேன், வால்வைக் குறை சொல்வதற்காகத்தான். அவர் வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்காமல் என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நம்ம டேங்குல அடி வரைக்கும் எறங்குற கொழாய் எல்லாத்துலயும் மேல ஒரு ஓட்ட இருக்குமே. திருப்பி இழுக்கக் கூடாதுன்னு. நானே எத்தனையோ போட்ருக்கேன். நீ பாத்ததில்ல?"

பார்த்ததில்லை. முப்பது வருஷமும் நான் வெளியே நின்று முடுக்கினவன். உள்ளே எப்படியிருக்கும் என்று எட்டிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை. அவருடைய பிஸ்கட் டின்னைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அவர் குனிந்து பொறுக்கினார். அப்புறம் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன்.

என் மீனைத் தவுக்கேயிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். தொட்டியையும் அவர் ஆள்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

மகளும் மாப்பிள்ளையும் ஜோகூர் பாருவில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பேத்தி பிறந்து ஆறு வாரம் ஆகிறது. என் மனைவி பத்தியம் வைத்துக் கொடுக்க அங்கேயே தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகலாம், போர்ச் வரை. அதை மகள்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, வேலை நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும். மாப்பிள்ளை வந்து எதிரே உட்காருவார். உதட்டில் ஒரு வெள்ளைக் கோடு, சிரித்தால் கோணும். பாலத்து நெரிசல், மழை, கோழி விலை என்று பேசுவோம். அவர் இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறார்.

போன ஞாயிறு குழந்தையை என் மனைவி வெளியே எடுத்து வந்தாள். முகம் பூராவும் எங்கள் மகள். நான் எழுந்தேன். மகள் கதவருகே வந்து நின்றாள். என் கைகளைத்தான் பார்த்தாள். நான் மறுபடி உட்கார்ந்துகொண்டேன். குழந்தை கொட்டாவி விட்டது. அதற்கே மாப்பிள்ளை, "பாருங்க மாமா, பாருங்க" என்றார்.

"எவ்வளவு நாளைக்கும்மா?" என்று மகளிடம் கேட்டேன்.

"தெரியலப்பா" என்றாள். யோசித்துத்தான் சொன்னாள். "அவ நடக்க ஆரம்பிக்கட்டும். அப்ப பாக்குறேன்."

அப்புறம் வெயில் ஏறிவிட்டது, குழந்தையைக் குளிப்பாட்டவேண்டும் என்று எல்லோரும் உள்ளே போனார்கள். உள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "ஏங்க, போறப்ப கேட்டப் பூட்டிட்டுப் போங்க, மறந்துறாதீங்க."

நான் வெளியே வந்து, கேட்டை இழுத்துச் சாத்தினேன். பூட்டு உள்பக்கம் தொங்கியது. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, கொண்டியில் மாட்டி அழுத்தினேன். பூட்டிக்கொண்டது. ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் காருக்குப் போனேன்.